கேமராவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு நூலகம்

1

போன வாரம் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு மேசைகளைத் துடைத்துக்கொண்டு போனேன். ஜன்னலோரம் ஒரு மாணவி லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். திரையில் வெள்ளைப் பக்கம். மேலே பல்கலைக்கழகத்தின் முத்திரை. கீழே இரண்டு கட்டங்கள், ஒன்றில் பெயர், ஒன்றில் பாஸ்வேர்டு. இணையத்தில் நூலகத்துக்குள் நுழைவதற்கு முன் வருகிற பக்கம். இங்கே படிக்கிற பிள்ளைகள் அதைக் கவனிப்பதுகூட இல்லை. எனக்கு அதைப் பார்த்ததும் ரத்தவாடை வந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடி, பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட வேலை செய்கிற பெண்மணி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் இல்லை என்றாள்.

சாந்தி என் தங்கை. போன ஆண்டு இதே பனிக்காலத்தில் அவளுக்கு நடந்ததில் பாதியை ஊர்க்காரர்கள் போனில் பார்த்தீர்கள். மீதிப் பாதியை யாரும் பார்க்கவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். எதிரே நின்று சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது.

என் பெயர் ஏழுமலை. ஊர் அடி அண்ணாமலை. ஐந்தாவது வரைக்கும் படித்தேன். செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் சமையல் வேலை. அங்கே வந்து தங்கிய ஒரு ஜெர்மன்காரர் தன் ஊரில் சைவ உணவகம் திறக்கப்போவதாகச் சொல்லி என்னை அழைத்துப் போனார். உணவகம் மூடிவிட்டது. நான் இருந்துவிட்டேன். மனைவி அமுதாவும் மகள் தர்ஷினியும் பின்னால் வந்தார்கள். இப்போது பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் காய் வெட்டுகிறேன். ஜெர்மன் மொழி எனக்குக் காய்கறி அளவுக்கு வரும். அதற்கு மேல் தர்ஷினிதான்.

அந்த தர்ஷினி இதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கிறாள். ஊரின் மறுகோடியில் மாணவர் விடுதி. டிராம் ஏறினால் வந்துவிடலாம். தீபாவளிக்கு வருவாள். மற்றபடி நான் போன் செய்தால், பிறகு பேசுகிறேன் என்று ஜெர்மனில் ஒரு வரி வரும்.

2

கிரிவலப் பாதையில் சாந்திக்கு டீக்கடை. வெயில் காலத்தில் இளநீரும் உண்டு. கடையில் கேமரா வைக்கவேண்டும் என்று சொன்னவன் நான்தான். பௌர்ணமிக் கூட்டத்தில் திருட்டு ஜாஸ்தி என்று காரணம் சொன்னேன். உண்மையில் எனக்கு அவளைப் பார்க்கவேண்டும். போனில் சாப்டியா, மழை பேஞ்சுதா என்று கேட்பதோடு என் சொற்கள் தீர்ந்துவிடும். பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். கேமராவில் அந்தத் தொல்லை இல்லை. அதில் சத்தமே வராது.

கேமராவை வாங்கி மாட்டியவன் பச்சையப்பன், சாந்தியின் புருஷன். தன் போனிலேயே அதைப் பதிவு செய்துகொண்டான். நான் ஊருக்கு வந்திருந்தபோது என் லேப்டாப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். தர்ஷினி புதிது வாங்கியதும் எனக்குக் கொடுத்த பழைய லேப்டாப் அது.

"பாஸ்வேர்டு இன்னா மாப்ள? சொல்லு, எழுதிக்கறேன்" என்றேன்.

"உனக்கு எதுக்கு மச்சான் அந்தத் தலவலி? நானே போட்டு உட்டுட்டேன். தொறந்தா போதும், தானா வரும்" என்றான்.

அப்படித்தான் வந்தது. எனக்குக் காலை இடைவேளை வரும்போது அங்கே பிற்பகல், கடையில் கூட்டம் கம்மியான நேரம். உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து திறப்பேன். சாந்தி பாய்லருக்குப் பக்கத்தில் நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருப்பாள். எதிர்க்கடைக்காரி ஏதோ சொல்லச் சிரிப்பாள். பார்த்துவிட்டு மூடிவைத்துக் கோஸ் நறுக்கப் போவேன். ஊரோடு எனக்கு இருந்த உறவு அவ்வளவுதான். அது போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

பச்சையப்பனுக்கு சாந்தியைக் கொடுத்த கதையைச் சொல்லவேண்டும்.

அப்போது அவன் வண்டியில் இளநீர் ஏற்றிவந்து கடை கடையாகப் போடுகிறவன். ஒரு பௌர்ணமி. இருட்டத் தொடங்கியிருந்தது, பாதை நிறைய ஜனம். கூட்டத்தில் வந்த ஒரு வெளியூர்க்காரன் டீ வாங்குகிற சாக்கில் சாந்தியின் இடுப்பைக் கிள்ளினான். அவள் கத்தினாள். பச்சையப்பன் வண்டியிலிருந்து ஒரு இளநீரை எடுத்து அந்த ஆள் வாயிலேயே அடித்தான். எறியவில்லை. கையில் பிடித்தபடி அடித்தான். பல் உடைகிற சத்தம் கடைக்குள் இருந்த எனக்குக் கேட்டது. ஆள் விழுந்தான். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் நூலாக இறங்கியது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினான். பச்சையப்பன் கூப்பிய கையின் மேலேயே மிதித்தான். சட்டை கிழிந்து ஆள் தவழ்ந்து கூட்டத்தின் கால்களுக்குள் போகும்வரை மிதித்தான்.

நின்று பார்த்தவர்கள் கைதட்டினார்கள். எங்கள் அப்பா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தன் கையாலேயே டீ கொடுத்தார்.

"ஆம்பளன்னா இவன்தான்டா. இவன மாதிரி ஒருத்தன் பக்கத்துல இருந்தா பொண்ணு மேல ஒரு தூசி விழுமா?"

நான் சண்டை என்றால் சுவரோரம் ஒதுங்குகிறவன். எனக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. அந்த வருஷமே கல்யாணம் பேசினோம். சாந்தி மட்டும் என்னிடம் தனியாகச் சொன்னாள்:

"அந்த ஆளு கை எடுத்துக் கும்புட்டான்ண்ணா. அதுக்கப்புறமும் இவன் நிறுத்தல. பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.

4

ஒரு திங்கட்கிழமை இடைவேளையில் லேப்டாப்பைத் திறந்தேன். கேமரா வந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. கடைத் தரை முழுக்க டம்ளர்கள். பச்சையப்பனின் முதுகு. அவன் கையில் கறுப்பாகக் கயிறு மாதிரி ஏதோ சுற்றியிருந்தது. அது சாந்தியின் கூந்தல். அதைப் பிடித்து அவள் தலையைக் கல்லாப் பெட்டியின் விளிம்பில் மோதினான். நிமிர்த்தினான். மறுபடி மோதினான். சத்தமே இல்லை. பக்கத்தில் என்னோடு வேலை செய்கிற பையன் ஆப்பிளைக் கடிக்கிற சத்தம்தான் கேட்டது.

போனை எடுத்து சாந்தியின் எண்ணை அழுத்தினேன். மணி போகிறது, போகிறது, எடுக்கவில்லை. திரையில் படம் சுற்றிச் சுற்றி உறைந்துபோயிற்று. என் லேப்டாப்புக்கு நெட் போய்விட்டது. மறுபடி அழைத்தேன். மணிகூடப் போகவில்லை.

இடைவேளை முடிந்து மேற்பார்வையாளர் வாசலில் வந்து நின்றார். அடிப்பதற்கு எனக்கு ஜெர்மன் சொல் தெரியாது. ஊரில் என் தங்கை, வெட்டு, ரத்தம் என்று எனக்குத் தெரிந்த காய்கறி ஜெர்மனில் சொன்னேன். சமையல் செய்யும்போது விரலை வெட்டிக்கொண்டாள் என்று நினைத்துப் பாவம் என்று தோளைத் தட்டினார். ஒரு மூட்டை வெங்காயம் எனக்காகக் காத்திருந்தது. வெட்டினேன். ஒவ்வொரு வெங்காயத்தையும் பச்சையப்பனின் முகம் என்று நினைத்துத்தான் வெட்டினேன். அன்றைக்குத் துண்டுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்று எல்லாவற்றையும் சூப்புக்குத் தள்ளிவிட்டார்கள்.

5

வேலை முடிந்ததும் எதிர்க்கடைக்காரிக்குப் போன் செய்தேன். பொரி விற்கிற குப்பம்மா அக்கா.

"ஏழுமல, எங்கடா இருந்த இவ்ளோ நேரம்? உன் தங்கச்சிய போலீஸ் இட்டும்போயிடுச்சிடா. புருஷன வெட்டிட்டா."

"சாந்தியா?"

"இளநி சீவுற கத்தியாலடா. ரெண்டு வெரலு தனியா வந்துடுச்சி. தோள்ல ஒரு வெட்டு. பெரியாஸ்பத்திரில கெடக்கறான்."

"அவன்தான்க்கா மொதல்ல அடிச்சான். நான் கேமராவுல பாத்தேன்."

"நீ பாத்தா? ஊரே வேற ஒண்ணு பாத்துக்கிட்டு கீது."

ஊர் பார்த்தது இதுதான். பச்சையப்பனின் தம்பி, அண்ணன் போனிலிருந்து கேமரா பதிவில் ஒரு துண்டை எடுத்து அனுப்பிவிட்டிருந்தான். குனிந்து கிடக்கிற புருஷனின் தோளில் பெண்டாட்டி கத்தியை இறக்குகிறாள். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்தவனை வெட்டினாள் என்று கீழே எழுதியிருந்தது. எங்கள் தெருக்காரர்கள் எனக்கே அதை அனுப்பினார்கள். இவளையெல்லாம் உயிரோடு கொளுத்தணும் என்று ஒருவன் எழுதியிருந்தான். சாந்தி கையால் தினமும் டீ குடித்தவன் அவன்.

அவளை வேலூர் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள். கொலை முயற்சி வழக்கு. அமுதா இங்கிருந்து போனிலேயே விசாரித்து வேங்கிக்காலில் ஒரு வக்கீலம்மாவைத் தேடிப்பிடித்தாள். அவர் சொன்னது தெளிவாக இருந்தது:

"அடி வாங்குனதுக்குச் சாட்சி வேணுங்க. கடையில நின்னவங்க ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. தலையில தையல் போட்டிருக்கு, ஆனா அது சண்டையில விழுந்ததுன்னு அவங்க சொல்லுவாங்க. முன்னாடி நடந்த வீடியோ வேணும். கம்பெனிக்குப் போலீஸ் எழுதிப் போட்டு வரதுக்குள்ள அழிஞ்சிடும். அது ஒரு வாரம்தான் நிக்கும். அவங்க கையிலயும் போன் இருக்கு. அவங்களே அழிச்சாலும் அழிப்பாங்க."

என் லேப்டாப்பில் கேமரா நேரடியாகத்தான் தெரியும். பூட்டிய கடை, தரையில் காய்ந்த கறை. ஓரத்தில் பழைய பதிவுகள் என்று ஒரு பொத்தான் இருந்தது. அதுவரை அதை நான் தொட்டதில்லை. தொட்டேன். வெள்ளைப் பக்கம் வந்தது. மேலே பல்கலைக்கழகத்தின் முத்திரை. பெயர், பாஸ்வேர்டு.

வீட்டுச் சண்டையைப் பார்க்கப் பல்கலைக்கழகம் ஏன் பெயர் கேட்கிறது? எனக்கு ஒன்றுதான் தோன்றியது. மாட்டிக்கொண்டேன். இத்தனை நாளும் உணவுக்கூடத்தின் இலவச நெட்டில் கேமரா பார்த்தது தெரிந்துவிட்டது. இங்கே எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. அடுத்த மாதம் விசா புதுப்பிக்கவேண்டும். அதனால் வேலையிடத்தில் ஒருவரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்கு எடுத்துவந்து வீட்டு நெட்டில் திறந்தேன். அதே பக்கம். வீடுவரை துரத்திக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

பெயர்தானே கேட்கிறது என்று உணவுக்கூட அட்டையில் இருந்த என் எண்ணைப் போட்டேன். ஏற்கவில்லை. கேமரா கம்பெனிக்குப் போன் செய்தேன். பாஸ்வேர்டு மாற்றித் தருகிறோம், பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி போகும், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். பதிவு செய்த எண் பச்சையப்பனின் தலையணைக்கடியில் இருந்தது.

"ஏங்க, பொண்ணு அங்கதான படிக்கறா, அவளக் கேளுங்க" என்றாள் அமுதா.

"கூப்ட்டேன். எடுக்கல."

"எடுக்கலன்னா உட்டுடுவீங்களா? அங்க ஒருத்தி கம்பிக்குள்ள கெடக்கறா. இங்க நீங்க கம்ப்யூட்டர் முன்னாடி மரியாதையா ஒக்காந்துனு இருக்கீங்க."

அவள் வேலைக்குப் போன பிறகு தர்ஷினியின் பெயரைப் போட்டேன். பாஸ்வேர்டு, சின்ன வயதில் அவள் வளர்த்த முயலின் பெயர். பள்ளிக்கூட நாளில் எல்லாவற்றுக்கும் அதைத்தான் வைத்திருந்தாள். தவறு என்றது. பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில், பிறந்த ஆண்டோடு, ஆண்டில்லாமல் போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. மேசையை ஓங்கிக் குத்தினேன். கண்ணாடி டம்ளர் உருண்டு விழுந்து உடைந்தது. என் வாழ்நாளில் நான் உடைத்த முதல் பொருள் அது. இன்னொன்றையும் எடுத்து உடைத்தேன்.

6

கொஞ்ச நேரத்தில் தர்ஷினியே அழைத்தாள். கத்தினாள். ஜெர்மனில் தொடங்கி, நான் பதில் சொல்லாததால் தமிழுக்கு வந்தாள். தமிழ் என்று வந்தால் அவளுக்கு அடி அண்ணாமலைத் தமிழ்தான், அமுதாவிடம் கற்றது.

"யாரோ ஒரு லூசு என் அக்கவுண்ட்ட லாக் பண்ணிட்டான்ப்பா! இன்னிக்கு நான் ரிப்போர்ட் போடணும். கேட்டா, நம்ம ஊட்டு நெட்டுலேர்ந்து ட்ரை பண்ணியிருக்காங்கன்றான். யாரு?"

"நான்தாம்மா."

"நீயா? இன்னாத்துக்கு?"

"அத்தைய ஜெயில்ல போட்டுட்டாங்கம்மா."

அந்தப் பக்கம் ஒரு கதவு மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு முழுவதையும் கேட்டாள். சாந்தியின் மடியில் தவழ்ந்த பிள்ளை. கடைசியில், "அந்தப் பக்கத்துல மேல இன்னா அட்ரஸ் கீது? ஒவ்வொரு எழுத்தா படி" என்றாள்.

படித்தேன். அவள் வாய்க்குள் ஏதோ திட்டினாள்.

"யாரும் உன்னப் புடிக்கலப்பா. அது என்னுது."

என்னுது என்று அவள் சொன்னது இதுதான். நூலகம் காசு கட்டி வாங்குகிற ஆராய்ச்சிப் பத்திரிகைகளைப் பிள்ளைகள் வெளியிலிருந்து படிக்கவேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் வாசல் வழியாகத்தான் போகவேண்டும். ஒவ்வொரு முறையும் போய்த் தட்டுவது சிரமம் என்று, பிரவுசரில் ஒட்டிக்கொள்கிற ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. பத்திரிகையின் முகவரியைப் பார்த்தால் அதுவே இழுத்துக்கொண்டுபோய் வாசலில் நிறுத்திவிடும். கேமரா கம்பெனி பழைய பதிவுகளைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. வாடகைக்கு ஒரு பெரிய கிடங்கில் போட்டுவைக்கிறது. அதே கிடங்கில்தான் பத்திரிகைகளும் இருக்கின்றன. கிடங்கின் பெயரைப் பார்த்ததும் இதுவும் நூலகத்துச் சரக்கு என்று எக்ஸ்டென்ஷன் முடிவுகட்டிவிட்டது. சாந்தி அடிவாங்கிய வீடியோவை ஆராய்ச்சிக் கட்டுரை என்று நினைத்து வாசலில் நிறுத்திவைத்திருந்தது.

"மேல வலதுபக்கம் ஒரு பசில் துண்டு மாதிரி படம் கீதா? அதத் தொடு. நீக்குன்னு போட்டிருக்கும்."

நீக்கினேன். பதிவுகளைத் தொட்டேன். வெள்ளைப் பக்கம். மேலே பார்த்தால் அந்தத் துண்டு மறுபடி உட்கார்ந்திருந்தது.

"திரும்ப வந்துடுச்சும்மா."

"எப்டி வரும்? இரு... சே. அந்த லேப்டாப்ல இன்னும் என் பேருதான் கீது. என்கிட்ட இருக்கறதெல்லாம் உங்கிட்டயும் வரும். நீ எடுத்தா என்னுது மறுபடி அங்க கொண்டாந்து போடுது."

மாதக்கணக்கில் எங்களுக்குள் பேச்சில்லை. அவள் பிரவுசர் மட்டும் என்னோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் தன் பக்கத்திலும் அதை எடுத்துவிட்டு, இரண்டுக்கும் இருந்த தொடர்பை அறுத்தாள். நான் மறுபடி நீக்கினேன். இம்முறை அது திரும்பி வரவில்லை. பதிவுகளைத் தொட்டேன். அதே வெள்ளைப் பக்கம்.

"இது போனமுறை போன வழிய ஞாபகம் வெச்சிருக்கு. அதத் தொடச்சிடலாம். செட்டிங்ஸ் போ. எல்லாத்தையும் அழின்னு ஒண்ணு கீது பாரு. தொடு."

விரலை வைத்துவிட்டேன்.

"எல்லாம்னா இன்னாம்மா? கேமராவும் போயிடுமா?"

"போகாது. மறுபடி பாஸ்வேர்டு கேக்கும், அவ்ளோதான். போட்டுக்கோ."

"பாஸ்வேர்டு பச்சையப்பன்கிட்ட கீதும்மா."

"அப்பா. கைய எடு. ஒண்ணும் தொடாத. மூடாத. சார்ஜர் மட்டும் போடு. நான் வரேன்."

உலகத்தில் அந்தப் பதிவைப் பார்க்க எனக்கு இருந்த ஒரே கதவு இந்த லேப்டாப்பின் இந்த பிரவுசர்தான். பச்சையப்பன் தன் மடியில் வைத்துத் திறந்துவிட்டு மறந்துபோன கதவு. அதை மூடினால் அவனே வந்து திறக்கவேண்டும். அவள் டிராம் ஏறி வரும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. திரை இருட்டாகும்போதெல்லாம் ஒரு விரலால் தொட்டுக்கொண்டே இருந்தேன்.

தலையில் பனியோடு வந்தாள். காலணியைக்கூடக் கழற்றவில்லை. கீழே கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். பிரவுசர் ஞாபகம் வைத்திருந்த இடங்களின் நீண்ட பட்டியலைத் திறந்து, நூலகத்தின் பெயரைத் தேடி அதை மட்டும் அழித்தாள். கிடங்கின் பெயரைத் தேடி அதை மட்டும் அழித்தாள். கேமராவின் பெயரைத் தாண்டும்போது மவுஸின் மேலிருந்து கையை எடுத்து ஒருமுறை உதறிக்கொண்டாள். பிறகு பதிவுகளைத் தொட்டாள்.

தேதிகள் வந்தன. திங்கட்கிழமை இருந்தது.

7

பார்க்கும் முன்பே அதை ஒரு பென் டிரைவிலும் தன் போனிலும் இறக்கிக்கொண்டாள். பிறகு பார்த்தோம்.

பச்சையப்பன் வருகிறான். பின்னால் இரண்டு பேர், கையில் பை. கடைக்குப் பின்னால் உட்கார்ந்து குடிக்கப் போகிறார்கள். சாந்தி குறுக்கே நின்று தலையாட்டுகிறாள். அந்த இருவரும் நழுவுகிறார்கள். அவன் டம்ளர் தட்டை எடுத்து அவள் முகத்தில் எறிகிறான். அதன் பிறகு நான் பார்த்தது, கூந்தல், கல்லா. வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் டம்ளரைப் பலகையில் பதமாக வைத்துவிட்டு நடந்துபோகிறார். பச்சையப்பன் அவளைச் சுவரில் சாத்தி முன்கையைக் கழுத்தில் கொடுத்து அழுத்துகிறான். அவள் கால்கள் தரையைத் தேடுகின்றன. செருப்பு ஒன்று கழன்று விழுகிறது. அவள் முகம் வீங்கிக் கறுக்கிறது. தர்ஷினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கல்லாவின் மேல் கிடந்த சாந்தியின் போன் வெளிச்சமாகிறது.

அவன் திரும்பிப் பார்க்கிறான். ஒரு கையை நீட்டி அதை எடுத்து, யார் என்று படித்து, அவள் முகத்துக்கு நேரே காட்டிச் சிரிக்கிறான். கழுத்திலிருந்த கை தளர்கிறது. இளநீர்க் கத்தி பக்கத்துக் கட்டையில் குத்தியிருக்கிறது. சாந்தி அதை உருவி, போன் பிடித்த கையை வெட்டுகிறாள். போனும் விரல்களும் ஒன்றாக விழுகின்றன.

அவன் கையை வயிற்றில் அணைத்துக் குனிகிறான். அவள் மறுபடி ஓங்கித் தோளில் போடுகிறாள். ஊர் பார்த்தது இங்கிருந்துதான். அவன் அணைக்காத கையை மேலே தூக்கிக் கும்பிடுவதுபோல் காட்டுகிறான். அவள் கத்தியை மூன்றாவது முறை தூக்குகிறாள். தூக்கியபடியே நிற்கிறாள். பிறகு கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள்.

"அப்பா, அது நீ பண்ண போன்" என்றாள் தர்ஷினி.

"ம்."

"அது மட்டுமில்ல, ரெண்டாவது வெட்டு உழுந்தப்ப ஒரு சத்தம் போட்ட நீ. நல்லா போடுன்ற மாதிரி."

நான் மறுக்கவில்லை. கைதட்டிய கூட்டம் எனக்குள்ளும் இருக்கிறது. அதை என் மகள் பார்த்துவிட்டாள்.

"ரெண்டாவது வெட்ட கட் பண்ணிட்டு அனுப்பலாமா?" என்று அவளே கேட்டாள். வக்கீலம்மாவிடம் கேட்டோம். "வெட்டி ஒட்டறது அவங்க வேலைங்க. நீங்க முழுசா அனுப்புங்க. அவ நிறுத்துனதும் அதுலதான இருக்கு" என்றார்.

மறுநாள் திறந்தபோது திங்கட்கிழமை அங்கே இல்லை. யாரோ அழித்துவிட்டிருந்தார்கள்.

8

இந்த வீடியோவை நான்தான், இந்தக் கம்ப்யூட்டரில்தான், மாற்றாமல் எடுத்தேன் என்று சான்றெழுதி இந்தியத் தூதரகத்தில் முத்திரை வாங்கவேண்டியிருந்தது. ரயிலேறிப் போனோம். முதல் முறை போட்டோ அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை அங்கிருந்த அதிகாரி, வீடியோவில் இருப்பவர்கள் உங்களுக்கு என்ன உறவு என்றார். தங்கையும் மாப்பிள்ளையும் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தர்ஷினி முந்திக்கொண்டு ஏதோ ஜெர்மனில் சொன்னாள். என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, "சீக்கிரம் போட்டுக் குடுங்க, ட்ரெயினுக்கு நேரமாச்சுன்னேன்" என்றாள்.

ஜாமீன் கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது, என்ன ஆகும் என்று வக்கீலம்மாவுக்கும் தெரியாது. பச்சையப்பன் தன் அம்மா வீட்டில் இருக்கிறான். சாந்தி கடையைத் திறந்துவிட்டாள். டம்ளரை வைத்துவிட்டுப் போன அந்த ஆளும் வந்து டீ குடிக்கிறாராம். அவருக்குச் சர்க்கரை கம்மியாகப் போடுகிறேன் என்றாள்.

வெளியே வந்த பிறகு அவள்தான் முதலில் அழைத்தாள்.

"முழுசா பாத்தியாண்ணா?"

"பாத்தேன்."

"நீ தெனம் பாப்பேன்னு எனக்குத் தெரியும். இதுக்கு முன்னாடியும் அடிப்பான். அப்பல்லாம் நான் கேமராவுக்கு முதுகு காட்டி நின்னுப்பேன், நீ அங்க தனியா பயந்துக்குவன்னு. அன்னிக்குத் திரும்ப முடியல."

பழையபடி மூச்சுச் சத்தம்.

"அந்தக் கேமராவக் கழட்டிட்டேன்ணா. வேணாம் அது. நீ போன் பண்ணு."

"இன்னா பேசறது சாந்தி? எனக்கு வராதே."

"நீ பேசவே வேணாம். அன்னிக்கு நீ இன்னா பேசுன? மணி அடிச்சுது, அவ்ளோதான். போன் பண்ணு. எடுக்கலன்னா மறுபடி பண்ணு. எடுக்குற வரைக்கும் பண்ணு."

பண்ணுகிறேன், தினமும், காலை இடைவேளையில். நேற்று முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொண்டு மூன்றாவது முறை அடித்தேன்.

"இன்னாண்ணா, பஸ்ஸு ஒண்ணு வந்து நின்னுட்டு கீது, கடை நெறைய கூட்டம். அப்புறம் பண்ணு" என்று வைத்துவிட்டாள்.